சரோ அக்காவின் சூட்டுப் பெட்டி

டுரியான் துங்கால் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்போதுதான் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் முழுதாக இறங்கவில்லை. நான் அப்பம் பாலேக் வாங்க வரிசையில் நின்றேன். சரோ அக்காவின் கணவர் சேகர் அண்ணன் கைப்பேசியில் அழைத்தார். அவர் எனக்கு அழைப்பவர் அல்லர். நான் செய்யும் சேட்டைகளுக்காக என் அம்மாவுக்குத்தான் அழைப்பார். "யாழி, அக்கா போயிட்டாம்மா. பொட்டி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. எப்படி நிப்பாட்டுறது?" என்று ஒரே மூச்சில் கேட்டார். நான் பின்பாதிக்கு முதலில் பதில் சொன்னேன். "நிப்பாட்டாதீங்கண்ணே, வெடிச்சிரும்." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் முன்பாதி என் காதுக்குள் இறங்கியது.

வெடிக்கும் என்றால் குண்டு வெடிப்பதுபோல் அல்ல. பெட்டிக்குள் இருக்கும் முப்பரிமாணப் பிரிண்டர் பிளாஸ்டிக்கை உருக்கி உருக்கி அடுக்கிக்கொண்டிருந்த மயில் பாதியில் குளிர்ந்தால் விரிசல் விட்டுப் பிளந்துபோகும். அதைத்தான் நான் சொன்னேன். பாவம், சேகர் அண்ணன் மருத்துவமனையிலிருந்து அக்காவின் அடையாள அட்டையையும் ஒரு புடவையையும் எடுக்க வந்தவர், பெட்டியிலிருந்து நாலடி தள்ளிப்போய் நின்றிருக்கிறார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது புடவையை மடியில் வைத்துக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா காலையில் தட்டிவிட்டு டயாலிசிஸுக்குப் போன வேலை அது. மயிலின் கொண்டை மட்டும் பாக்கி. முடியும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினாறாம் நாள் படையலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஏட்டில் பெட்டியைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்று சேகர் அண்ணன் சொன்னதால் இதை எழுதுகிறேன். மற்ற பக்கங்களில் உறவினர்கள் அக்காவின் பொறுமையைப் பற்றி எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த அக்காவைத் தெரியாது. எனக்குத் தெரிந்த சரோ அக்கா பெட்டியில் பச்சை விளக்கு எரியும் முன்பே கதவைத் திறந்துவிடும் ரகம்.

எங்கள் தாமான் குடியிருப்பில் அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி. ஒரு பள்ளி விடுமுறையில் அவர் கேட்டில் "இங்கே பல் பிடுங்கப்படும்" என்று அழகாக எழுதி ஒட்டினேன். அடுத்த தெருத் தாத்தா ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே வந்து மணியடித்துவிட்டார். அக்கா என் அம்மாவிடம் புகார் சொல்லவில்லை. தாத்தாவுக்கு டீ போட்டுக் கொடுத்துப் பல் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் எங்கள் கேட்டில் தேங்காய் அளவுக்கு ஒரு வெள்ளைப் பல்லைத் தொங்கவிட்டார். வேர், குழி, சொத்தை எல்லாம் இருந்தது. எப்படிச் செய்தார் என்று கேட்கத்தான் போனேன். அதன் பிறகு நான் பாதி நேரம் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

அக்கா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். சிறுநீரகம் கைவிட்ட பிறகு வேலையை விட்டார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். "சிறுநீரகம் கெட்டா சின்ன நரகம், யாழி" என்பார். மற்ற நாள்களில் கேக் மேல் குத்தும் பெயர், சாவிக்கொத்து, கல்யாண வீட்டுக்குத் தாம்பாள அலங்காரம் என்று அச்சிட்டுக்கொண்டே இருப்பார். என்னிடம் கணினி மொழி கொஞ்சம் இருந்தது. அவரிடம் சாமான்களும் வசவும் நிறைய இருந்தன. கூட்டு சரியாக அமைந்தது.

காவடி விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அக்காவின் இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்து அறுவை செய்தார்கள். முதல் தடவை கைகொடுக்கவில்லை. இரண்டாவது நிலைத்தால் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். நிலைத்தது. நிலைத்த அந்தக் கையில் இனிப் பாரம் படவே கூடாது என்று டயாலிசிஸ் தாதி மிஸ்ஸி நோர் சொல்லிவிட்டார். வரம் கொடுத்த முருகன் தூக்கும் கையை எடுத்துக்கொண்டார். "அவரும் உன்னை மாதிரி வாலுதான்" என்று அக்கா சிரித்தார். ஆனால் வேண்டுதலை வேறு எதற்கும் மாற்ற மறுத்துவிட்டார். பால்குடம் எடுக்கலாம், முடி கொடுக்கலாம் என்று யார் யாரோ சொன்னார்கள். காவடி என்று சொன்னால் காவடிதான். அதுவும் தன் தோளில்தான்.

அதனால் இடது கையே படாத ஒரு காவடியை அவரே வரைந்தார். வலது தோளில் மட்டும் உட்காரும் தாங்கி, வலது கைக்கு ஒரு பிடி, மெல்லிய அலுமினியக் குழாயில் வளைவு, மூட்டுகளும் மயில்களும் பிரிண்டரில். மரத்தைவிட எவ்வளவோ எடை குறையும். வருகிற பங்குனிக்கு எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே அவசரம்.

மூட்டையும் மயிலையும் எந்தப் பிளாஸ்டிக்கில் செய்வது என்பதற்குப் பாடம் முந்திய ஆண்டே கிடைத்திருந்தது. தோழி ஒருவருடைய மகனின் காவடிக்கு அக்கா மயில்கள் செய்துகொடுத்தார். சுலபமாக அச்சாகும் சாதாரண வகை. கோயில் வாசலில் காரை நிறுத்தி, மயில்களைப் பின்னால் வைத்துவிட்டு எல்லாரும் அன்னதானத்தில் உட்கார்ந்தோம். திரும்பி வந்து பார்த்தால் மலாக்கா வெயில் காருக்குள் புகுந்து எல்லா மயிலின் கழுத்தையும் மடக்கிவைத்திருந்தது. "இது மயில் இல்லக்கா, துயில்" என்றேன். அடிக்க வந்தார். நேரமில்லாமல் அப்படியே கட்டினோம். ஊர்வலத்தில் ஒரு பெரியவர், மயிலே முருகனைக் குனிந்து கும்பிடுகிறது என்று சொல்லிக் கண்ணீர் விட்டார். அக்கா அவர் முன்னால் கைகூப்பி நின்றார். காருக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். வீடு வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டார்.

வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக் வேறு வகை. அதற்கு ஒரு கெட்ட குணம்: அச்சாகும்போது சுற்றிலும் சூடு வேண்டும், இல்லாவிட்டால் விரிசல். வாசல் காற்று பட்டால் விரிசல், மின்விசிறி திரும்பிப் பார்த்தால் விரிசல். அந்த மாதம் முழுக்க விரிசல்தான் வரிசையாக வந்தது. அதனால் பிரிண்டரை ஒரு பழைய கண்ணாடிக் கதவு அலமாரிக்குள் வைத்து மூடினோம். உள்பக்கம் சூட்டைத் தக்கவைக்க வெள்ளித் தாள் தேவைப்பட்டது. சேகர் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். லாரியின் முன் கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளி மறைப்பை ஒரு வாரம் தேடினார். அது வீட்டில் அலமாரிக்குள் கத்தரித்து ஒட்டப்பட்டிருப்பது தெரிந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, மீதித் துண்டு எங்கே என்பதுதான்.

மூடினால் சூடு நின்றது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் உருகும்போது வரும் புகையும் உள்ளேயே நின்றது. கதவைத் திறந்ததும் வீடு முழுக்க நாறியது. புகை வந்ததும் பகை வந்தது. நோயாளி இருக்கும் வீட்டில் இந்த நாற்றமா என்று சேகர் அண்ணன் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "ஒன்னு அந்தப் பொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." அக்கா அசரவில்லை. "பொட்டி சோறு கேக்காதுங்க" என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக இன்னும் கோபம் வந்தது. பங்குனிக்குள் நாற்றம் நிற்காவிட்டால் பெட்டி ஸ்டோருக்குப் போகும் என்று சொல்லிவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டி போனால் காவடி போச்சு. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

புகையை வெளியேற்ற விசிறி வைத்தால் சூடும் கூடவே போய்விடும். இந்த இழுபறிக்கு நடுவில் அக்கா வாரம் மூன்று நாள் வீட்டிலும் இல்லை. பெரிய மயில் ஒன்று அச்சாக ஒரு பகல் முழுக்க ஆகும். கூடவே உட்கார்ந்து விசிறியைக் கூட்டிக் குறைக்க யாராலும் முடியாது. எனக்குப் பள்ளி. ஆகவே பெட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. உள்ளே சூட்டை அளக்க ஒரு சிறு கருவி, காற்றை வெளியே இழுக்க ஒரு விசிறி, ஜன்னல் வரைக்கும் ஒரு வெள்ளிக் குழாய், கேமரா, ஒரு பட்டை விளக்கு, இவற்றையெல்லாம் ஆட்டிவைக்க உள்ளங்கை அளவு ஒரு மின்பலகை. அச்சு நடக்கும்போது விசிறி மெதுவாக, புகை கசியாத அளவுக்கு மட்டும் இழுக்கும். சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டினால் கொஞ்சம் வேகமெடுக்கும். குறைந்தால் அடங்கும். வேலை முடிந்ததும் விசிறி முழுதாக நிற்கும். உருவம் தானே மெல்ல ஆறும். ஆறிய பிறகு முழு வேகத்தில் சுற்றி மிச்சப் புகையைத் தள்ளிவிட்டுத்தான் விளக்கு பச்சையாகும். பச்சை வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது. சட்டத்தைப் போட்டவர் அக்கா. அதை முதலில் மீறியவரும் அவர்தான்.

பெட்டியில் ஏதாவது மாறினால் அக்காவின் கைப்பேசிக்குச் செய்தி போகும். அந்தச் செய்திகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. என்னிடம் கொடுத்திருக்கக் கூடாது. சூடு கூடினால் "உள்ள வெப்பம் ஜாஸ்தி, வேப்பிலை கட்டவா?" என்று போகும். குறைந்தால் ஒரு மாமியார் குரலில் "என்னம்மா, என்னை ஐஸ் பெட்டின்னு நெனச்சியா?" என்று போகும். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி அக்கா சத்தமாகச் சிரிக்க, மிஸ்ஸி நோர் ஓடிவந்து இரத்த அழுத்தம் பார்த்தாராம். அக்கா பழி வாங்காமல் விடுவாரா? ஒருநாள் அவர் அங்கே இருந்தபோது நான் மட்டும் அவர் வீட்டில் பெட்டிக்குப் பின்னால் படுத்துக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அறை முழுக்க இரத்தச் சிவப்பு. பிறகு இருட்டு. பிறகு மறுபடியும் சிவப்பு. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு அங்கிள் கேட் வரைக்கும் வந்தார். விளக்கை அங்கிருந்தே மாற்றலாம் என்பதும், கேமராவில் என் முகம் முழுசாகத் தெரிந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. மையத்தில் அன்றைக்கு ஐந்தாறு நாற்காலிக்கும் அந்தப் படம் சுற்றிவந்ததாம்.

அவர் குரல் உடைந்து நான் கேட்டது ஒரே ஒருமுறை. மழைக்காலம். பிற்பகல் இடி மின்னலோடு காற்று வெளியிலிருந்து குழாய் வழியாகப் பெட்டிக்குள் திரும்ப ஊதிவிட்டது. சூடு சடசடவென்று இறங்கியது. நான் பள்ளிப் பேருந்தில் இருந்தேன். சேகர் அண்ணன் சுங்கை ரம்பாய் பக்கம் எங்கோ. அக்கா கேமராவில் தோள் தாங்கி வெடிப்பதைப் பார்த்துக்கொண்டே என்னை அழைத்தார். "நான் இங்க கட்டிப்போட்ட மாடு மாதிரி கெடக்குறேன், யாழி. கண்ணு முன்னாடி பொளக்குது" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். நான் வீடு வந்து சேரும்போது அவரும் வந்திருந்தார். கையில் கட்டோடு, களைப்போடு, அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தார். தன் பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்து வட்டமாக வெட்டிக் குழாயின் வாயில் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டினார். உள்ளிருந்து விசிறி தள்ளினால் படம் தூக்கிக் காற்றை விடும்; வெளியிலிருந்து காற்று அடித்தால் தானே மூடிக்கொள்ளும். "இனிமே என் நெஞ்செலும்பு காவல் காக்கும்" என்றார். சேகர் அண்ணன் வந்து ஜன்னலில் மனைவியின் விலா எலும்பைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். நாற்றம் நின்று சில நாள் ஆகியிருந்தது. ஸ்டோர் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

வளைவும் மூட்டுகளும் சேர்ந்தவுடன் அக்கா காவடியை டயாலிசிஸ் மையத்துக்கே கொண்டுபோனார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன். அங்கே ஒவ்வொருவரும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எடை பார்ப்பார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது, எவ்வளவு இறங்கியது என்று அதில்தான் தெரியும். அந்த எடை மேடையில் அக்கா தான் ஏறுவதற்கு முன்னால் காவடியை ஏற்றினார். முள்ளு அசைந்ததா என்றுகூடச் சந்தேகம். சுற்றியிருந்த நாற்காலிகளெல்லாம் எட்டிப் பார்த்தன. வயதான மலாய்ப் பாக்சிக் ஒருவர் எழுந்து வந்து ஒரு விரலில் தூக்கிப் பார்த்தார். பக்கத்து நாற்காலி கமலா ஆண்டி சுங்கை ரம்பாய் எஸ்டேட் வீட்டிலிருந்து வருகிறவர்; வாய்க்கு வாய் அக்காவுக்குச் சமம். "இது காவடியா, துணி மாட்டுற ஹேங்கரா?" என்றார். அக்கா திருப்பிக் கொடுத்தார்: "ஒங்க வாய மாட்ட ஒன்னு பிரிண்ட் பண்ணித் தரேன், ஆண்டி." மிஸ்ஸி நோர் தாங்கியை அக்காவின் வலது தோளில் வைத்து, அவரை நடக்கவிட்டு, இடது கை சும்மா தொங்குகிறதா என்று பார்த்தார். பிறகு "போலே" என்றார். ஆகட்டும் என்று அர்த்தம். அக்கா அந்த வழுக்கும் தரையில், இயந்திரங்களுக்கு நடுவில், கோயிலைச் சுற்றுவதுபோல் ஒருமுறை நடந்து வந்தார். அவர் காவடி எடுத்ததை நான் பார்த்தது அது ஒன்றுதான்.

வளைவின் உச்சிக்கு வைக்கும் மயில்தான் மிச்சம் இருந்தது. அது அச்சாகிக்கொண்டிருந்த அன்று, டயாலிசிஸ் முடியும் தறுவாயில் அவருக்கு இதயம் நின்றது. மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் திரும்பவில்லை. மயிலில் ஒரு கீறல்கூட இல்லை. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

சேகர் அண்ணன் காவடியை அக்காவோடு அனுப்பிவிடலாம் என்றார். மின்சுடலையில் பிளாஸ்டிக்கை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவரே எடுக்கலாம் என்றால், துக்கம் விழுந்த வீட்டில் ஒரு வருடம் யாரும் காவடி எடுக்கக் கூடாது. நான் எடுக்கிறேன் என்றேன். மூன்று நாள்கூடச் சைவமாக இருந்தறியாத பிள்ளை நீ என்று அம்மா சொன்னார், அது உண்மை. இருந்தாலும் தோளில் வைத்துப் பார்த்தேன். என் இரண்டு கைகளும் சும்மா இருக்கவில்லை. இடது கை தானாகப் போய் வளைவைப் பிடித்தது, காவடி சரிந்தது. ஒரு கையைத் தொங்கவிட்டே நடந்து பழகிய உடம்புக்கென்று வரைந்தது அது. இரண்டு கையும் நன்றாக இருக்கிறவர்களிடம் அது நிற்காது.

எட்டாம் நாள் கமலா ஆண்டி வந்தார். டயாலிசிஸ் முடிந்து நேராக, கையில் கட்டோடு. அழவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சேகரு, அந்த ஹேங்கர எனக்குக் குடுப்பியா? எனக்கும் எடது கைதான்."

அண்ணன் எழுந்து உள்ளே போய் எடுத்துவந்து அவரே ஆண்டியின் வலது தோளில் வைத்தார். ஆண்டியின் இடது கை அசையவே இல்லை. அசையாமல் இருக்க அதற்குத் தெரியும். ஆனால் ஆண்டி அக்காவைவிட ஒல்லி. தாங்கி தோளைவிட்டு வழுக்கியது. ஆண்டி நிமிர்ந்து பார்த்தார், இதுவும் ஆகாது போலிருக்கிறது என்பதுபோல். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"யாழி, பொட்டியப் போடு."

அன்றிலிருந்து பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பங்குனி நெருங்குகிறது. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தப் பக்கத்தைக்கூட அலமாரிக்கும் மேசைக்கும் நடந்து நடந்துதான் எழுதுகிறேன். அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். சாமான் எதுவும் இல்லை. அவையெல்லாம் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். விரிசல் விட்ட எதையும் அவர் உடனே குப்பையில் போடமாட்டார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிளந்த இடத்தில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஓட்டுவார். யாரையும் திட்டாமல், தன்னையும் திட்டாமல், "காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை ஆண்டியின் தோள் தாங்கி முடிந்து விளக்கு பச்சையானது. கதவைத் திறந்து கையில் எடுத்தேன். கீழ் விளிம்பில் முடி கனத்துக்கு ஒரு கோடு. சேகர் அண்ணன் பக்கத்தில் நின்றார். நகத்தை வைத்து ஓட்டினேன். இடது ஓரத்தில் ஆழம், போகப் போக மெலிகிறது. ஆக, காற்று கதவுக் கீல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அண்ணன் அதற்குள் குனிந்து கீல் இடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.